குணமானவர் எங்கே இருக்கிறார்?

அமராவதி ஆற்றங்கரையில், பழைய ராஜவாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கரும்பும் தென்னையுமாகச் செழித்திருக்கும் கொமரலிங்கத்தில், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போமானால், பெரியவருடைய சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் டிவி மேஜையின் மேலேயே, வருவோர் போவோர் எல்லாரும் காணும்படி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கக் காணலாம்; விருந்தாளி ஒரு வார்த்தை கேட்டால் போதும், எந்த டாக்டரிடம் காட்டுகிறார், காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்பதையெல்லாம் பெரியவரே வெகு சுவாரஸ்யமாக எடுத்துரைப்பார். அதே வீட்டில் மகனோ மருமகளோ மனநோய்க்காக மாத்திரை சாப்பிடுவாராயின், அது பீரோவுக்குள் புடவை அடுக்கின் அடியில், பெயர் தெரியாதபடி அட்டையிலிருந்து பிரித்துக் காகித உறையில் இடப்பட்டு, பத்திரமாக மறைந்திருக்கும். தப்பித் தவறி யாரேனும் பார்த்துவிட்டால், "நரம்பு டாக்டர்கிட்டக் காட்டறோமுங்க, சத்து மாத்திரைதானுங்க" என்று பதில் வரும். பக்கத்து ஊரில் வைத்தியம் கிடைத்தாலும், ஆஸ்பத்திரி பெஞ்சில் தெரிந்த முகம் ஏதேனும் உட்கார்ந்திருக்குமோ என்று அஞ்சி, கோயம்புத்தூர் வரை பஸ் ஏறிப் போகிறவர்களும் உண்டு.

இந்த அச்சத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது சுலபம்; ஆனால் நியாயமாகாது. கொங்கு நாட்டில் ஒரு சம்பந்தம் முடிவாவதற்கு முன்னால், எதிர்த் தரப்பைப் பற்றிப் பங்காளி வீட்டிலும், பஸ் நிறுத்தத்துப் பேக்கரியிலும், பையன் வேலை பார்க்கும் கம்பெனியிலும் விசாரித்துவிட்டு வருவது நெடுநாளைய வழக்கம். "பையன் தங்கமுங்க; அவங்க சித்தப்பனுக்குத்தான் கொஞ்சம் மூளைக் கோளாறுன்னு பேச்சு" என்று டீயை ஆற்றிக்கொண்டே ஒருவர் சொல்லிவிடுவாரேயானால், அந்தப் பேச்சு அவ்வளவில் நின்றுபோகும். சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் டி.என். ஸ்ரீனிவாசனும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் விசாரித்து 2000-ஆம் வருஷம் வெளியிட்ட ஆய்விலும், திருமணத்தைப் பற்றிய கவலையும், அக்கம்பக்கத்தார் ஒதுக்கிவிடுவர் என்ற பயமும், நோயை மறைத்தேயாக வேண்டும் என்ற எண்ணமுமே மேலோங்கி நின்றன. மறைப்பவர்கள் தங்கள் சமூகத்தை நன்றாக அறிந்தே மறைக்கிறார்கள்.

எனினும், பேக்கரியில் சொல்லப்பட்ட அந்தச் சித்தப்பாவின் செய்தி எவ்வளவு கனமுள்ளது என்பதை விஞ்ஞானத்தின் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது அவசியம். மனநோய்களுள் கடுமையானதென்று கருதப்படும் மனச்சிதைவு, பொது ஜனங்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களையே பற்றுகிறது. தாய் தந்தையரில் ஒருவருக்கு அந்நோய் இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 100-க்கு 10; அதாவது பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. சித்தப்பாவுக்கோ மாமனுக்கோ இருப்பின் அந்த வாய்ப்பு அதனினும் வெகுவாகக் குறைந்துவிடும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் கண்டபோதும், பாதிக்குக் குறையாத இணைகளில் மற்றவர் அந்நோயின்றியே வாழ்கிறார் என்பதால், பரம்பரை இதில் ஒரு பங்குதாரரேயன்றித் தனி முதலாளி அன்று என்பது தெளிவு. தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பின் மகனுக்கு அது வரும் வாய்ப்பு, தாய் தந்தையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கையில் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பைவிட மிக அதிகம். அதைக் கேட்டுச் சம்பந்தத்தை நிறுத்தியவர் எவரும் உண்டோ?

மறைப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை நோயாளியின் மூளையே கொடுக்க நேர்கிறது. காதில் குரல்கள் கேட்பதும், பிறர் தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்ற பிரமை உறுதிப்படுவதுமாகத் தொடங்கும் நோய்க்கு, முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ சிகிச்சை கிடைத்தவர்கள், வருஷக்கணக்கில் சிகிச்சையின்றிக் கிடந்தவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்பது உலகின் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. ஆனால் நம் நாட்டில் நடப்பது என்ன? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 100-க்கு 10.6 பேர் அப்போது ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் இருந்ததாகவும், நோயின் வகைக்கு ஏற்ப அவர்களில் 70 முதல் 92 விகிதத்தினர் உரிய சிகிச்சை பெறாமலே இருந்ததாகவும் கூறுகிறது. வைத்தியர் பற்றாக்குறையும் தொலைவும் பணமும் இதற்குக் காரணங்கள்தாம். ஆனால் வைத்தியர் இருக்குமிடத்திலும் போகத் தயங்கும் கால்களைத் தடுத்து நிறுத்துவது களங்க பயமே.

களங்கத்தைப் போக்க அறிவைப் பரப்பினால் போதும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்குச் சரித்திரத்தில் ஆதாரமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர்களில் பலர், பெருமைப் பிரமைகளோடு தொடங்கி, பின்னர் கைகால் விழுந்து, கடைசியில் மடிந்துபோகும் ஒருவகைப் பைத்தியத்துக்கு ஆளானவர்கள். அவர்களுடைய ஒழுக்கத்தையும் குலத்தையும் பற்றி எழுதப்பட்ட ஏடுகளுக்குக் கணக்கில்லை. 1913-இல் ஜப்பானிய விஞ்ஞானி நொகுச்சி, இறந்த நோயாளிகளின் மூளையில் சிபிலிஸ் என்னும் மேகநோயின் கிருமியையே கண்டுபிடித்துக் காட்டினார். பிற்காலத்தில் பென்சிலின் வந்தது. அந்நோய் விடுதிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குன்றினாலும் புத்தி பேதலிக்கும் என்பதையும், அந்தச் சுரப்புநீரைக் கொடுத்தால் பலருக்குப் புத்தி மீளும் என்பதையும் 1949-இல் லண்டன் மருத்துவர் ஆஷர் விளக்கினார். அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட், லித்தியம் என்னும் எளிய உப்பு வெறிமிகுந்த மனநிலையைத் தணிப்பதைக் கண்டார். 1952-இல் பாரிஸில் டெலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசின் மருந்தை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்து, ஓயாத கூச்சல் நிறைந்திருந்த வார்டுகள் அமைதியடையக் கண்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, இது மூளையைச் சேர்ந்த வியாதி என்று ஜனங்களுக்குச் சொல்லிவிட்டால் வெறுப்பு தானே விலகும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்ததில் ஆச்சரியமில்லை.

எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். அமெரிக்காவில் 1996-இலும் 2006-இலும் ஒரே விதமான கேள்விகளை ஜனங்களிடம் கேட்டு ஒப்பிட்ட பெஸ்கோசொலிடோ குழுவினர், அப்பத்து ஆண்டுகளில் மனநோயை மூளை வியாதியென்று ஒப்புக்கொள்பவர் தொகை நன்றாக உயர்ந்திருந்தும், அத்தகையவர் அண்டை வீட்டில் குடிவருவதையோ, தம்முடன் வேலை செய்வதையோ, தம் குடும்பத்தில் சம்பந்தம் கொள்வதையோ விரும்பாதவர் தொகை குறையவேயில்லை என்று கண்டார்கள். சிறிது யோசித்தால் இதன் காரணம் விளங்கும். ஒருவனுடைய மூளையே பழுது என்று கேட்பவன், அந்தப் பழுது நிரந்தரமானது என்றும், எப்போது என்ன நேருமோ என்றும் எண்ணிக்கொள்வதற்குத் தடையொன்றும் இல்லை. நோயின் காரணத்தை அறிவது ஒன்று. நோயாளியின் கதி என்னவாகும் என்பதை அறிவது வேறொன்று. சமூகத்தின் அச்சமெல்லாம் இரண்டாவதைப் பற்றியதே.

கதியைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சமூகம் எங்கிருந்து பெறுகிறது? கண்ணால் காண்பவர்களிடமிருந்து பெறுகிறது. பழனி மலையடிவாரத்தில் கந்தல் துணியோடு தனக்குள் பேசிக்கொண்டு திரிபவரை எல்லாரும் காண்கிறார்கள். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருப்பவர், இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு உறங்கச் செல்பவர் என்பது எவருக்கும் தெரியாது. குணமாகாதவர் வீதியிலே வெளிப்படையாக நிற்க, குணமானவர் ஊருக்குள்ளேயே மறைந்து வாழ்வதால், மனநோய் என்றாலே மீளாநோய் என்ற முடிவுக்கு ஊரார் வந்துசேர்வது, அவர்கள் கண்ட அளவில் தர்க்கத்துக்கு முரணானதன்று. மாதிரிகளைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழையே அது. வைத்தியர்களும் இதற்குத் தப்பியவர்களல்லர். தேறியவர் ஆஸ்பத்திரிக்கு வராமல் நின்றுவிட, தேறாதவரே திரும்பத் திரும்ப எதிரில் வந்து உட்காருவதால், மருத்துவர் நோயை உள்ளதைவிடக் கொடியதாக மதிப்பிடுகிறார் என்பதை 1984-இல் பட்ரிஷியா கோஹனும் ஜேக்கப் கோஹனும் விளக்கி, அதை மருத்துவரின் மாயை என்று அழைத்தார்கள்.

இந்தப் பிழை தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும் விதத்தைக் கல்யாண வீட்டில் நேராகக் காணலாம். நன்றாகத் தேறியிருக்கும் ஒரு பெண்ணுக்கு வரன் அமைகிறது. மாத்திரை சாப்பிடுவது தெரிந்துவிடும் என்று முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வீட்டார் அதை நிறுத்திவிடுகிறார்கள். சீரும் விருந்துமாக நாலைந்து இரவுகள் உறக்கமில்லாமல் கழிகின்றன. புது வீட்டில் ஓரிரு மாதங்களுக்குள் நோய் திரும்புகிறது. மனச்சிதைவு தணிந்திருப்போரிடம் நடத்தப்பட்ட 65 பரிசோதனைகளைத் தொகுத்து 2012-இல் வெளிவந்த ஆராய்ச்சியின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியவர் 100-க்கு 27 பேர்; நிறுத்தியவர்களிலோ 64 பேர். நிகழ்ந்தது மருந்தை நிறுத்தியதன் பலன். ஊரார் படித்துக்கொள்வதோ, 'என்ன வைத்தியம் பார்த்தாலும் இது போகாது' என்ற பாடம். பெண் தாய்வீடு திரும்புகிறாள். நோயின் களங்கத்தோடு வாழாவெட்டி என்ற களங்கமும் சேர்ந்துகொள்கிறது. மனச்சிதைவால் மணவாழ்க்கை முறிந்த பெண்களிடம் ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் பேசியபோது, நோயின் களங்கத்தைவிடக் கணவனைப் பிரிந்த களங்கமே அவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கூர்மையாக வருத்தியது புலனாயிற்று.

மறைந்து வாழும் குணமானவர்களை எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால், நோயின் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொருவரையும் விடாமல் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். அத்தகைய அபூர்வமான காரியம் நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. மனச்சிதைவு முதன்முதலாகத் தாக்கிய 90 பேரை 1980-களின் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டு, பத்து வருஷம், இருபது வருஷம், அதற்கு அப்பாலும் அவர்களைத் தேடிச் சென்று பார்த்து வந்தார்கள் டாக்டர் தாராவும் அவருடைய சகாக்களும். பத்தாம் வருஷ முடிவில் இடைவிடாமல் நோய்வாய்ப்பட்டே இருந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் நோய் முற்றும் தணிந்தோ, இடையிடையே வந்து போகும் நிலையிலோ இருந்தார்கள். ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கார்ஃப் நிறுவனத்தை 1984-இல் தோற்றுவித்தவர் டாக்டர் சாரதா மேனன்; இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர். வேடிக்கைப் பேச்சில் வசையாகவே வழங்கிவிட்ட கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு 1961 முதல் பல்லாண்டுகள் கண்காணிப்பாளராக இருந்து, மூடிய கதவுகளைத் திறப்பதிலும், நோயாளிகளுக்குத் தொழில் பழக்குவதிலும் சிரத்தை கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிக்குள் தேறியவன் வெளியே வந்து என்ன செய்வான் என்ற கேள்வியே அவரைப் புதிய நிறுவனம் காணத் தூண்டிற்று.

அந்தக் கேள்வியைச் சமூகம் கேட்க மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. 2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடிவதற்கு முன், அங்கே தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். குடும்பத்தார் அவர்களைக் கொடுமைக்கென்று அங்கே விட்டவர்களல்லர். பெரும்பாலும், அங்குள்ள தர்காவின் அருளை நம்பியும், ஊராரின் கண்ணுக்கு எட்டாத இடம் வேண்டியும் விட்டவர்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று திட்டவட்டமாகத் தடை விதித்தது. உடல்நோய்க்கு இன்ஷூரன்ஸ் அளிப்பது போலவே மனநோய்க்கும் அளிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

பழி வழிபாட்டிடத்தைச் சேர்ந்ததென்று அவசரப்பட்டு முடிவு செய்வதற்கு முன்னால் இன்னொரு செய்தியையும் கேட்க வேண்டும். வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் கிராமத்து முத்துசாமி கோயிலில், 2000-ஆம் வருஷம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தங்கியிருந்த கடும் மனநோயாளிகள் 31 பேரை நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் ரகுராம் குழுவினர் பரிசோதித்தார்கள். அங்கே விசேஷமான சடங்கொன்றும் இல்லை. உறவினரொருவர் உடனிருக்க, கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்கு நீர் விடுவது போன்ற சில்லறை வேலைகளைச் செய்துகொண்டு, யாரும் அதட்டாத ஓரிடத்தில் சில வாரங்கள் இருப்பதே அவர்கள் பெற்ற சிகிச்சை. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் சராசரியாக 52.9-இலிருந்து 42.9-க்கு இறங்கியிருந்தது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது என்பதால், மருந்து வேண்டாம் என்பதற்கு இதைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது; ஆயினும், அச்சமற்ற சூழலும் செய்வதற்கொரு வேலையும் நோயின் போக்கையே மாற்ற வல்லவை என்று கருத இது இடம் தருகிறது.

உலகெங்கும் களங்கத்தை ஆராய்ந்த லான்செட் ஆணைக்குழு, 2022 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் வந்துசேர்ந்த முடிவும், குணமானவர் மறைந்திருப்பதால்தான் அச்சம் வளர்கிறது என்று மேலே கண்டதோடு இசைகிறது. அறிவுரை தருவதைக் காட்டிலும், நோயை அனுபவித்தவரோடு நேரில் பழகும் வாய்ப்பே களங்கத்தைக் குறைப்பதில் மிகுந்த பலன் தருகிறது என்பது அந்த முடிவு. அக்குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவரான சார்லின் சன்கெல், தாமே மனச்சிதைவை அனுபவித்தவர். ஒருமுறை மேடையில் பார்த்துக் கைதட்டுவதைவிட, சமமான நிலையில் ஒரே காரியத்தைச் சேர்ந்து செய்து நாள்தோறும் பழகுவது நிலைத்த மாறுதலைத் தரும் என்று சமூக உளவியலார் 1950-களிலிருந்தே கூறி வருகிறார்கள்.

அத்தகைய பழக்கத்துக்குத் திருப்பூர்ப் பிரதேசத்தைவிட வாய்ப்பான இடம் எது? கொமரலிங்கத்தைப் போன்ற ஊர்களிலிருந்து உடுமலைச் சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கும், வடக்கே பனியன் கம்பெனிகளுக்கும் பிழைக்கப் போகிறவர்கள், கட்டிங் மேஜையிலும் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். குணமானவர்களும் அவர்களிடையே இப்போதே இருக்கிறார்கள், வாய் திறவாமல். அவர்களுக்குக் கம்பெனி செய்ய வேண்டிய உபகாரம் பெரிய செலவுள்ளதன்று. உறக்கம் கெடுவது இருதுருவ மனநோய் உள்ளவரை வெறிநிலைக்குத் தள்ளிவிடும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மையாதலால், அத்தகைய ஒருவர் கேட்டால் நைட் ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றுவதும், காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரையிலான ஒன்றரை ஷிப்டுக்குப் பதில் ஒரு ஷிப்டோடு விடுவதும், மாதத்தில் ஒரு நாள் மருத்துவரிடம் போய்வரக் காரணம் கேட்டுத் துருவாமல் லீவு தருவதும் போதும். சூப்பர்வைசர் ஒருவர், வேலையில் திடீரென்று தடுமாறும் தொழிலாளியைப் பார்த்து, "ஏன் தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?" என்று தனியே அழைத்துக் கேட்பாராயின், ஒரு குடும்பத்தின் பல வருஷ அலைச்சல் அதனாலேயே தவிர்க்கப்படலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் காட்டுவதற்கும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசுவதற்கும் வழிகாட்டினால், அவர் கடமை முடிந்தது.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். குணமானவர் வெளிப்பட்டால் களங்கம் குறையும் என்பது உண்மையாயினும், வெளிப்பட வேண்டும் என்று எவரையும் வற்புறுத்துவதற்கு நமக்கு உரிமையில்லை. தம் நோயின் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 2017-ஆம் வருஷத்துச் சட்டமே அவருக்குத் தந்திருக்கிறது. வரன் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடமும், பீஸ் ரேட்டுக்குத் தைத்து வாடகை கட்டும் இளைஞனிடமும் போய், சமூகத்தைத் திருத்துவதற்காக நீ முதலில் பேசு என்று சொல்வது, சுமக்க முடியாதவர் தலையிலேயே சுமையை ஏற்றுவதாகும். இழப்பதற்கு அதிகமில்லாதவர்கள் முதலில் பேசட்டும். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்ட பெரியவர், ஓய்வு பெற்ற வாத்தியார், ஆர்டர் கைவிட்டுப்போன வருஷத்தில் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டு மீண்டு, இன்று இருநூறு பேருக்குச் சம்பளம் தரும் முதலாளி ஆகியோரின் சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. அவர்களுடைய சம்பந்தங்கள் முடிந்துவிட்டன. உத்தியோகத்தை எவரும் பறிக்கப் போவதில்லை. சர்க்கரை மாத்திரையின் கணக்கைச் சொல்லும் அதே குரலில் இந்த மாத்திரையின் கணக்கையும் அவர்கள் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டால், ஊரார் கையிலிருக்கும் பிழையான மாதிரி அன்றே திருந்தத் தொடங்கும். அதன்பிறகு பேசுவதா, பேசாதிருப்பதா என்பதை இளையவர்கள் அச்சமின்றித் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.